ஓசியா 2: குளுர்த்திக்குப் போகும் மாமி சோரம் போனவவா?

பெரியகல்லாறு டீச்சர்:
ஞாயிறு வகுப்பில் வேதாகமத்தின் ஓசியா 2 எடுத்தேன், கர்த்தர் இஸ்ரவேலைத் தன்னை விட்டு ஓடிய மனைவியாகச் சொல்லும் அதிகாரம். விக்கிரக வழிபாடு கடவுளுக்குச் சோரம் போவது என்று சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், எங்கட மாமி கண்ணகி அம்மன் கோயில் குளுர்த்திச் சடங்குக்குப் போறா. அவவும் சோரம் போனவவா?" என்று கேட்டது. எனக்கு முகம் வேர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு மச்சாள் தந்த குளுர்த்திப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்கே வந்திருந்தேன். பிள்ளைக்கு என்ன சொல்ல?

வாவிக்கரையான்:
டீச்சர், எரேமியா 2:10-11 ஐ வாசித்துக் காட்டுங்கள். கித்தீம் தீவுகளில் போய்ப் பாருங்கள், கேதாருக்கு ஆளனுப்பி விசாரியுங்கள், எந்தச் சாதியாவது தன் தெய்வத்தை மாற்றியதுண்டா என்று கர்த்தர் இஸ்ரவேலரைக் கேட்கிறார். அயலவரைக் காட்டித்தான் சொந்த வீட்டாரை வெட்கப்படுத்துகிறார். கர்த்தரோடு கலியாண எழுத்தே எழுதாத மாமி எப்படிச் சோரம் போவா?

பழைய உபதேசியார்:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. 'பாகால்' என்ற சொல்லையும் கவனியுங்கள். எபிரேயத்தில் அதற்கு எஜமான், புருஷன் இரண்டும் பொருள், நம்முடைய 'நாயகன்' மாதிரி. மழை தருவதாகக் கானானியர் நம்பிய தெய்வத்துக்கும் அதே பெயர். கர்த்தரை விட்டு விலகிவிட்டோம் என்று இஸ்ரவேலர் நினைத்திருக்கவே மாட்டார்கள். ஓய்வுநாளுக்கு இங்கே, விளைச்சலுக்கு அங்கே. தானியமும் எண்ணெயும் நான் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லையே என்கிறார் கர்த்தர் ஓசியா 2:8 இல். மாரி மழையை நம்பி விதைக்கிற நமக்கு அந்தச் சபலம் விளங்காதா? 2:16 இல் இனி என்னைப் 'பாகாலி' என்னாதே, 'ஈஷி' என்று கூப்பிடு என்கிறார். இரண்டும் 'என் புருஷன்'தான், முதலாவதில் எஜமான் வாடை அடிக்கும்.

படுவான்கரைப் பெண்:
எனக்கு இடறுவது வேறு. நம் பக்கம் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். கொடுத்த துணியைப் பிடுங்குவேன் (2:9) என்று ஒரு புருஷன் சொன்னால் எங்கள் அம்மம்மா படலையைக் காட்டியிருப்பா. இதே உவமையை இன்னும் கடுமையாகச் சொல்லும் எசேக்கியேல் 16, 23 பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம். எரேமியா 2:13 போதும், ஊற்றை விட்டுவிட்டு வெடித்த தொட்டி வெட்டிய கதை. அப்பா நல்ல தண்ணீர்க் கிணற்றை மூடிவிட்டுச் சீமெந்துத் தொட்டி கட்டினார். சித்திரை வெயிலுக்கு வெடித்தது. இரவு நிரப்பினால் விடியும்போது அடியில் ஒரு தவளை மட்டும் இருக்கும்.

பெரியகல்லாறு டீச்சர்:
இந்த ஞாயிறு எரேமியாவை வாசித்தேன். "அப்ப மாமிக்கில்ல, எங்களுக்குத்தான் ஏச்சா?" என்றது பிள்ளை. ஓம் என்றேன். மச்சாளின் கிண்ணம் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. வெறுங்கிண்ணமாய்க் கொடுக்கக் கூடாது, மாம்பழம் பழுக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.