குடிநோய்க்கும் போதைக்கும் யாரை நாடுவது: எங்கள் அனுபவங்கள்

ஒரு சகோதரியின் பகிர்வு

என் தம்பி குடியை விட வேண்டும் என்று தானாகவே சொன்னபோது, யாரிடம் அழைத்துப் போவது என்பதில்தான் வீட்டில் குழப்பம் தொடங்கியது. மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார் ஒருவர். உளவியல் ஆலோசகர் போதும் என்றார் இன்னொருவர். நேராக மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார் மூன்றாமவர். நாங்கள் முதலில் சந்தித்த ஆலோசகர் பண்பானவர்தான். ஆனால், பேசிய நேரம் முழுவதும் மன உறுதி, குடும்பப் பொறுப்பு என்று அறிவுரையாகவே சொல்லிவிட்டு, இனித் தொடமாட்டேன் என்று தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டார். கடைசியாக எப்போது குடித்தான் என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்துப் பார்த்த மனநல மருத்துவரின் முதல் கேள்வியே அதுதான். முன்பு நிறுத்திப் பார்த்தபோது வலிப்பு வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா, தூக்க மாத்திரை ஏதும் சேர்த்து எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இரு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லிச் சற்று நேரம் பார்த்தார். பல ஆண்டுகள் அன்றாடம் குடித்துப் பழகிய உடல் திடீரென்று மதுவை இழந்தால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கும் என்றும், முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும் என்றும், இரண்டு மூன்று நாள்களில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து பிதற்றும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் அவர் விளக்கினார். அதனால்தான் அந்தச் சில நாள்களுக்கு மட்டும் டயஸெபாம், லோரஸெபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். மூளை பாதிக்கப்படாமல் இருக்கத் தயாமின் எனப்படும் வைட்டமின் பி1 கொடுக்கிறார்கள். வீராப்பாக வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தச் சொல்லும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தச் சில நாள் மருத்துவம் முடிந்ததும் நோய் தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், சிகிச்சையாளரின் வேலை அதற்குப் பிறகே ஆரம்பமாகிறது. மருத்துவர் அனுப்பிவைத்த உளவியலாளரிடம், போதைச் சிகிச்சையில் தனியாகப் பயிற்சி பெற்றவரா, எந்த முறையைப் பின்பற்றுகிறார், மருத்துவருடன் தொடர்பில் இருப்பாரா, தம்பி மீண்டும் குடித்துவிட்டால் என்ன செய்வார் என்று நான் வெளிப்படையாகவே கேட்டேன். கடைசிக் கேள்விக்கு, "அன்றைக்கும் வரச் சொல்வேன்; அன்றைக்குத்தான் கட்டாயம் வர வேண்டும்" என்று அவர் பதில் சொன்னதும் அவரிடமே போவதென்று முடிவு செய்தோம். குடிப்பதால் உனக்கு என்னதான் கிடைக்கிறது என்று அவர் தம்பியிடம் கேட்டபோது என் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. அவனோ அன்றுதான் முதன்முறையாக மனம் திறந்து பேசினான். குடிக்கத் தோன்றும் ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், உடன் இருந்தவர், மனத்தில் ஓடிய எண்ணம் ஆகியவற்றைக் குறித்து வரச் சொன்னார். அந்தக் குறிப்பேட்டைப் படித்தபோது, நாங்கள் எண்ணியிருந்ததைப் போலக் கவலை வரும் நாள்களைவிட, வேலை நன்றாக முடிந்த மாலைகளே அவனுக்கு ஆபத்தானவை என்று தெரிந்தது.

வலி மாத்திரையில் சிக்கியிருந்தவரின் பகிர்வு

மேலே எழுதிய சகோதரி மதுவைப் பற்றிச் சொன்னார். ஓபியாய்டு எனப்படும், மார்ஃபின் போன்று செயல்படும் வலி மாத்திரைகளுக்கு அடிமையானவர்களுக்கு வழி சற்று வேறு. அதற்கான சிகிச்சை மருந்தான பியூப்ரினார்பினை எனக்குக் கொடுத்தார்கள். அந்த வலி மாத்திரைகள் மூளையில் ஒட்டும் அதே இடத்தில்தான் அதுவும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால், ஒரு அளவுக்கு மேல் அதன் விளைவு ஏறுவதில்லை. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டேன் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அந்த மருந்தை நிறுத்தினால்தான் ஆலோசனையைத் தொடங்குவேன் என்று ஒரு ஆலோசகர் நிபந்தனை போட்டதும் எழுந்து வந்துவிட்டேன், ஏனென்றால் இடைவெளி விட்டவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடும். பின்பு ஒரு நாள் சறுக்கிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அப்படி மூச்சு நிற்கும்போது ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து அவசரத்துக்குக் கிடைக்குமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

ஒரு மனைவியின் பகிர்வு

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்குமாறு எனக்கு யோசனை சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னது பெரும்பாலும் டைசல்ஃபிராம்தான். அது மது உடலில் சிதைவதைப் பாதி வழியில் தடுத்து, முகம் சிவப்பது, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் சரிவது என்று வரிசையாகக் கொண்டுவரும். இதய நோய் உள்ளவருக்கு அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். மாத்திரையை நிறுத்திய பின்னும் 14 நாள் வரை அந்த விளைவு ஏற்படலாம். எடுப்பவர் அறிந்து, சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகளும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கணவர் வர மறுத்த காலத்தில் நான் மட்டும் சிகிச்சையாளரைப் பார்த்துவந்தேன். நோயாளி வராமல் குடும்பத்தார் போய் என்ன பயன் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாமல், தெளிவாக இருக்கும் காலை வேளையில் பழி சொல்லாமல் பேசவும், அவர் குடிக்காத மாலைகளில் அவரோடு இருக்கவும், குடித்தால் அவருக்காக அலுவலகத்துக்குப் பொய் சொல்லாமல் இருக்கவும் அங்கேதான் பழகினேன். அதன்பின், குடித்த மறுநாள் அவரே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச வேண்டி வந்தது. சில மாதங்கள் கழித்து, ஒரு காலையில், அந்த மருத்துவரிடம் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அவராகவே கேட்டார். அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள்; இப்போது வேளை தவறாமல் அவரே எடுத்துக்கொள்கிறார், சிகிச்சையாளரிடமும் தனியே போய்வருகிறார்.