பெங்களூரு–நாமக்கல் ஓட்டத்துக்கு இரைச்சல் இல்லாத கார்: டாம்பிங்கா, டயரா, புது வண்டியா?

கொல்லிமலைக்காற்று:
வணக்கம். பொம்மனஹள்ளியில் குடியிருக்கிறோம், சொந்த ஊர் நாமக்கல் பக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம் வழியாக அடிக்கடி போய் வருகிறோம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர். ஊருக்குள் ஓட்டக் குறை ஒன்றுமில்லை. அத்திப்பள்ளி டோல் தாண்டி 90, 100 பிடித்தால் உள்ளே ஒரே இரைச்சல்.

அம்மா பின்சீட்டில் வருவார். காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். சூளகிரி வருவதற்குள் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவார், சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்பார். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும் வரை அவரிடம் பேச முடியாது. பேரன் எதையாவது கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியவில்லை.

ஜே.சி. ரோட்டில் நான்கு கதவுக்கும் டாம்பிங் (தகட்டின் அதிர்வைக் குறைக்க உள்ளே ஒட்டும் ஷீட்) போட 32 ஆயிரம் சொல்கிறார்கள். வீட்டிலோ இதை விற்றுவிட்டு 18 லட்சத்துக்குள் வேறு வண்டி பார்க்கலாம் என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மடிவாளா வாசி:
ப்ரோ, யோசிக்கவே வேணாம், டாம்பிங் பண்ணிடுங்க. நான் ஓட்டுறதும் சின்ன வண்டிதான். கதவை விரலால தட்டிப் பாருங்க, காலி எண்ணெய் டின் மாதிரி 'டங்'குனு கேக்கும். தகடு மெலிசு, உள்ள பேருக்கு ஒரு துண்டு ஷீட் ஒட்டி அனுப்பிடுறாங்க. பியூட்டைல்னு ரப்பர் மாதிரி ஒரு ஷீட், அதைப் போட்ட பிறகு கதவு சாத்துற சத்தமே 'தொம்'முனு மாறிடும். பாட்டும் நல்லா கேக்கும். 18 லட்சம் எங்க, 32 ஆயிரம் எங்க!

ஓவர்டிரைவ்:
கதவு 'தொம்' என்று சாத்துவது வேறு, நூறில் போகும்போது உள்ளே அமைதியாக இருப்பது வேறு. பியூட்டைல் ஷீட்டின் வேலை தகட்டை அதிரவிடாமல் பிடிப்பது. தகட்டில் கால் பங்கு, அதற்குக் கொஞ்சம் மேலே ஒட்டினாலே அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். காற்று வழியாக வரும் சத்தத்தை நிறுத்த எடையும் அடைப்பும் வேண்டும். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். அதிலும் ஓர் இடுக்கு திறந்திருந்தால் பெரும்பகுதி வீண்.

நண்பரே, காசை எடுக்கும் முன் எந்தச் சத்தம் என்று பாருங்கள். 80-இல் ஐந்தாவது கியரில் போய்க் கேளுங்கள், பிறகு அதே 80-இல் நான்காவது. சத்தம் நன்றாக ஏறினால் இன்ஜினுக்குப் பங்கு உண்டு. இந்த ரக வண்டிகளில் 100-ஐத் தொடும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், ஆறாவது கியர் இருந்தால் அது இறங்கும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் சட்டென்று அமைதியாகி, பழைய தளம் வந்ததும் மறுபடி கூடினால் டயர். தளம் எதுவானாலும் மாறாமல், எதிர்காற்றிலும் லாரியைக் கடக்கும்போதும் கூடினால் காற்று. காற்று என்று சந்தேகம் வந்தால் இடது பக்கக் கதவு இடுக்குகள், கண்ணாடியின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சுற்றுப் போய்வாருங்கள். குறைந்தால் கோளாறு டோர் பீடிங்கில், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையில். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஊளை கூடினால் வீல் பேரிங்கைக் காட்டுங்கள், அதைத் தள்ளிப் போடக் கூடாது.

இன்னொன்று. அம்மா உட்காருவது பின்சீட்டில். ஹேட்ச்பேக்கில் பின் டயருக்கும் அவருக்கும் நடுவே ஒரு வீல் ஆர்ச் தகடும் (டயருக்கு மேலே வளைந்திருப்பது) மெல்லிய கார்பெட்டும்தான். டிக்கியும் கேபினும் ஒரே அறை. கடைக்காரர் நான்கு கதவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். சத்தம் வரும் வாசலை விட்டுவிட்டு ஜன்னலை அடைக்கிற கணக்கு அது.

மடிவாளா வாசி:
தியரி நல்லாத்தான் இருக்கு சார். ஆனா என் ஃபோன் ஆப்ல டாம்பிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் பார்த்தேன், நல்லாவே குறைஞ்சிருக்கு. கண்ணால பார்த்ததை எப்படி இல்லைனு சொல்ல முடியும்?

ஓவர்டிரைவ்:
ஃபோன் மைக் மனிதக் குரலுக்காகச் செய்தது. கீழ் ஸ்தாயிச் சத்தத்தைச் சரியாக எடுக்காது. ஆப் காட்டும் ஏ-வெயிட்டட் டெசிபலும் (காதின் உணர்வுக்கு ஏற்பத் திருத்திய அளவு) அந்தப் பகுதியைக் குறைத்துத்தான் கணக்கில் சேர்க்கும். அதே ஃபோன், அதே இடம், அதே சாலை, அதே வேகம் என்றிருந்தால் ஒப்பிடலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

மடிவாளா வாசி:
அப்படின்னா அது என் பக்கம்தானே பேசுது! டாம்பிங் குறைக்கிறதே அந்தக் கீழ் ஸ்தாயி 'கும்' சத்தத்தைத்தான். மீட்டர் அதைச் சரியா காட்டாதுன்னா, காதுக்குக் கிடைக்கிற லாபம் மீட்டர் சொல்றதைவிட அதிகம்னுதான் அர்த்தம். தலைவலி கொடுக்கிறது கிரீச் சத்தமா, இந்த 'கும்'மா?

ஓவர்டிரைவ்:
அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. தகடு அதிர்ந்து வரும் 'கும்' என்றால் டாம்பிங்குக்கு இடம் உண்டு. என் எதிர்ப்பு கதவில் ஒட்டுவதற்கு, அதுவும் முதல் செலவாக ஒட்டுவதற்கு. டயர் எந்த ஆண்டு? பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பார்த்துச் சொல்லுங்கள்.

சர்ஜாபூர் அக்கா:
தம்பி, எல்லாரும் பெட்ரோல் வண்டிக்குள்ளேயே சுத்திட்டு இருக்கீங்க. 18 லட்சம் கையில இருக்குன்னா இ.வி., அதான் பேட்டரில ஓடுற எலக்ட்ரிக் வண்டி எடுங்க. நாங்க கோயம்புத்தூர் போறதும் தொப்பூர் வழிதான். திரும்பி வரும்போது ஏத்தத்துல பெட்ரோல் வண்டிங்க எல்லாம் கத்திக்கிட்டு ஏறும், எங்க வண்டி மூச்சு காட்டாம ஏறிடும். இன்ஜின் அதிர்வு சீட்டுக்கு வராததால வயசானவங்களுக்கு உடம்பு அசதி குறையுது, எங்க மாமியாரே சொன்னாங்க. சார்ஜ் போட நிக்கிற நேரத்துல அவங்களுக்கும் காலை நீட்டி நடந்த மாதிரி ஆச்சு.

பழைய பூனா ரோடு:
அக்கா சொல்வது ஏற்றத்தில் சரி, ஸ்டார்ட்-ஸ்டாப் நெரிசலில் ரொம்பச் சரி. ஆனால் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் நடுவே சமதளத்தில் 100-இல் போகும்போது பெட்ரோல் இன்ஜினே பின்னால் போய்விடும், கேட்பது டயரும் காற்றும். இ.வி.யில் அவற்றை மறைக்க இன்ஜின் சத்தமும் கிடையாது, அதனால் அவை இன்னும் தெளிவாகக் கேட்கும். பேட்டரி எடையால் டயர் மேல் பாரமும் கூடுதல்.

என் ஓட்டு செடானுக்கு. டிக்கி தனி, நடுவில் பின்சீட்டும் பார்சல் ட்ரேயும் தடுப்பு. பின் டயர் சத்தம் நேராகக் காதுக்கு வராது. உயரம் குறைவு, காற்றைக் கிழிக்கும் முகப்பும் சிறிது. விர்டஸ், ஸ்லாவியா இரண்டிலும் 1.0 மூன்று சிலிண்டர், 1.5 நான்கு சிலிண்டர் என்று இரண்டு இன்ஜின் உண்டு. நெடுஞ்சாலை ஆளுக்கு 1.5. வெர்னா, சிட்டியையும் ஓட்டிப் பாருங்கள். எந்த மாடல் ஆனாலும் சின்ன ரிம் உள்ள வேரியன்ட் எடுங்கள். 17, 18 அங்குல அலாய் பார்க்க அழகு. டயரின் பக்கச் சுவர் மெலிந்துபோவதால் சாலையின் அடியெல்லாம் உள்ளே வரும். பெங்களூரு பதிவு என்றால் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு வாழ்நாள் வரி 17 சதவீதம், அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட்.

சர்ஜாபூர் அக்கா:
டயர் சத்தம் கேக்குதுங்கிறதை நானும் மறுக்கலை. உள்பக்கம் ஃபோம் ஒட்டின டயர் வருது, டயருக்குள்ள அடைஞ்ச காற்று கொடுக்கிற அந்த ஒற்றை 'ஊம்' சத்தம் அதுல நல்லாக் குறையும். விலை ஜாஸ்தி, பஞ்சர் ஒட்டணும்னா அந்த இடத்துல ஃபோமை எடுக்கணும். ஆனா ஹைப்ரிட் எடுத்துக்கோங்கன்னு யாராவது சொன்னா மட்டும் தொப்பூர் ஏத்தத்துல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. அதுல வர்ற இ-சிவிடி கியர்பாக்ஸ்ல தனித்தனி கியர் கிடையாது, ஏத்தம் வந்தா இன்ஜின் ஒரே சுற்றுல ஏறி நின்னு கத்தும்.

செவிச்செல்வம்:
காது கேட்கும் கருவி பொருத்தும் துறையில் வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அம்மாவின் காதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

கீழ் ஸ்தாயி இரைச்சல் பலமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள ஒலிகளையும் அது மூடிவிடும். பேச்சில் பொருளைப் பிரித்துக் காட்டும் 'ச', 'த', 'ப' எல்லாம் மேலே இருப்பவை. வயதானவர்களுக்கு முதலில் குறைவதும் அந்தப் பகுதிதான். முன்சீட்டில் இருப்பவர் முன்னால் பார்த்தே பேசுவதால் குரலும் அவருக்கு வந்து சேராது, உதட்டையும் பார்க்க முடியாது. மெஷினைக் கழற்றுவது பிடிவாதம் இல்லை ஐயா, அவருக்கு வேறு வழி இல்லை.

இரண்டு காரியம் செய்யலாம். கருவி வாங்கிய இடத்தில் கார் பயணத்துக்கென்று தனி புரோகிராம் வைத்துத் தரச் சொல்லுங்கள், பல கருவிகளில் அந்த வசதி உண்டு. அடுத்தது சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக். பேசுபவர் அதைக் குத்திக்கொண்டால் குரல் நேரே கருவிக்குப் போய்விடும், நடுவில் இருக்கும் இரைச்சல் வெகுவாகக் குறையும். அம்மாவின் கருவிக்கு அது ஒத்துவருமா என்று கேளுங்கள். மைசூருவில் மானசகங்கோத்ரியில் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் காட்டலாம்.

எந்தக் காது தேவலை? வலது என்றால் அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். ஓட்டுபவர் பக்கம் அந்தக் காது வரும்.

கொல்லிமலைக்காற்று:
வலதுதான் தேவலை! இது எனக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனையில் யாரும் சொல்லவும் இல்லை. மனைவியிடம் கேட்டேன், பையனோடு பின்னால் உட்காரத் தயார் என்றாள்.

டயர் பார்த்தேன். நான்கிலும் 3518. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேய்மானம் பாதிகூட இல்லை என்று அலைன்மென்ட் கடையில் சொன்னார்கள். உள்பக்கக் கட்டைகளைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் ரம்பம் போல் இருக்கிறது. கதவுக்கு மேலே டோர் வைசரும் (மழைக்குத் தடுப்பாக ஒட்டும் பிளாஸ்டிக்) இருக்கிறது.

ஓவர்டிரைவ்:
2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நீங்கள் சொல்லும் அந்த ரம்பத் தேய்மானம்தான் 'வ்வ்வ்' என்று கேபினுக்குள் பாடுகிறது. ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது) ஒழுங்காக நடக்காவிட்டாலும் அலைன்மென்ட் தவறினாலும் அப்படித்தான் தேயும். அவ்வளவு பழைய டயரோடு மழையில் தொப்பூர் இறங்க வேண்டாம். சத்தத்துக்காக இல்லாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கும்போது லேபிளில் டெசிபல் எண் பார்த்து ஏமாற வேண்டாம். ஐரோப்பிய லேபிளில் இருக்கும் அந்த எண் வண்டி கடந்து போகையில் வெளியே சாலையோரத்தில் அளந்தது. கம்ஃபர்ட் ரகம், கம்பெனி சொன்ன அதே அளவு, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தம், அவ்வளவுதான். வைசரை ஒரு பயணத்துக்குக் கழற்றிப் பாருங்கள்.

வேகமும் இருக்கிறது. காற்றுச் சத்தத்தின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100-லிருந்து 80-க்கு இறங்கினால் அதில் மட்டும் சுமார் 6 டெசிபல் போகும், டயர் சத்தமும் கூடவே இறங்கும். நாமக்கல்லுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும். அம்மா பேசிக்கொண்டு வருவார் என்றால் நான் அதைத் தயங்காமல் கொடுப்பேன்.

பழைய பூனா ரோடு:
டயர் மாற்றட்டும், சரி. ஆனால் பழைய ஹேட்ச்பேக்கில் டயர், டாம்பிங், பீடிங் என்று கொட்டிக்கொண்டே போனாலும் செடானின் அமைப்பு அதற்கு வராது. புது டயரோடு ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தும் போதவில்லை என்றால் டெஸ்ட் டிரைவுக்குப் போங்கள். ஷோரூம்காரர் காட்டும் பக்கத்துத் தெருவில் வேண்டாம், எலக்ட்ரானிக் சிட்டி பாலத்தைத் தாண்டிக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டாதீர்கள். அம்மாவோடு பின்சீட்டில் உட்காருங்கள், பாட்டையும் ஏசி ஃபேனையும் அணைத்துவிட்டு.

மடிவாளா வாசி:
டயர் போடுங்க, நானும் வேணாங்கலை. ஆனா ரெண்டு வருஷத்துல டயர் தேய்ஞ்சு சத்தம் திரும்ப வரும், ஷீட் அப்படியே இருக்கும். நான் டாம்பிங்கை விட்டுக்கொடுக்கிறதா இல்லை. கதவுக்குச் சொன்ன காசை டிக்கித் தரைக்கும் பின் வீல் ஆர்ச்சுக்கும் திருப்புங்க, அதுல சார் சொன்னது சரி.

கடைக்குப் போனா பக்கத்துலயே நில்லுங்க. தார் ஷீட் வேணாம், நம்ம வெயில்ல இளகி நாத்தம் அடிக்கும். பியூட்டைல்தானான்னு வெட்டிப் பார்த்து வாங்குங்க. பின்னாடி கதவைத் தொட்டா, அடியில இருக்கிற தண்ணி ஓட்டையை அடைக்க விடாதீங்க, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பைக் கிழிக்காம திரும்ப ஒட்டச் சொல்லுங்க. இல்லைன்னா மழைக்காலத்துல தண்ணி உள்ள வந்து கார்பெட் நனையும், தகடு துருப்பிடிக்கும். சைடு ஏர்பேக் இருக்கிற வண்டியில கதவுக்குள்ள சென்சார் இருக்கான்னு சர்வீஸ்ல கேட்டுட்டுத்தான் கை வைக்கணும்.

கொல்லிமலைக்காற்று:
சனிக்கிழமை டயரும் அலைன்மென்ட்டும். அதே வாரம் ஊருக்குப் போகிறோம், அம்மா முன்சீட்டில், 80-இல். மைக் பற்றிக் கேட்டிருக்கிறேன், அவர் கருவிக்குப் பொருந்தும் மாடல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். டிக்கி டாம்பிங் திரும்பி வந்த பிறகு. மடிவாளா வாசி, உங்களுக்குப் போட்ட கடை பின் வீல் ஆர்ச் லைனரை (டயருக்கு மேலே இருக்கும் மறைப்பு) கழற்றி வெளிப்பக்கமும் ஒட்டினார்களா, உள்ளே மட்டுமா?

மடிவாளா வாசி:
உள்ள மட்டும்தான். வெளிப்பக்கம் ஒட்டினா சேறும் தண்ணியும் பட்டு ஓரம் பெயரும். லைனருக்குப் பின்னால கம்பளி மாதிரி ஃபெல்ட் வைக்கிறேன்னு சொல்வாங்க, அதுவும் வேணாம், தண்ணி குடிச்சு நிக்கும்.