டெட்ராமர் சிக்னல் ஏன் மங்கலாக வருகிறது?

கேள்வி: டி செல் ஏற்பியைப் பிடிக்க ஒற்றை எம்.எச்.சி-பெப்டைட் (பெப்டைட் என்ற சிறு புரதத் துண்டை ஏந்திய எம்.எச்.சி புரதம்) போதாதா? டெட்ராமரில் அதையே நான்காகச் சேர்ப்பது எதற்கு? சிடி8 செல்களில் (சிடி8 புரதம் கொண்ட டி செல்கள்) டெட்ராமர் போட்டும் சிக்னல் மங்கல்தான்.

பதில்: ஒற்றைப் பிணைப்பு ரொம்பத் தளர்வு, கேடி (பிணைப்பின் அளவுகோல், கூடினால் தளர்வு) பொதுவாக 1 முதல் 100 மைக்ரோமோலார். சில நொடிகளில் கழன்று, கழுவும்போதே போய்விடும். டெட்ராமரின் நடுவிலுள்ள ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தில் 4 பயோட்டின் இடங்கள், பயோட்டின் ஒட்டிய எம்.எச்.சி நான்கு அதில் சேரும். ஒன்று விட்டாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

பதில்: டெட்ராமர் பட்டதும் செல் ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும், மங்கலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். அதைத் தடுக்க 50 நானோமோலார் டாசாடினிப் (கைனேஸ் தடுப்பு மருந்து), 37 டிகிரி, 30 நிமிடம். கழுவாமல் அப்படியே டெட்ராமர். அதன் பிறகே சிடி8 ஆன்டிபாடி. வரிசையை மாற்றாதீங்க, அந்த ஆன்டிபாடியின் சில குளோன்கள் (வகைகள்) டெட்ராமர் ஒட்டுவதையே தடுக்கும்.

பதில்: பெப்டைட் வரிசையையும் பாருங்க. டி செல் ஏற்பியின் நுனியிலுள்ள சிடிஆர்3 வளையங்கள் தொடுவது பெரும்பாலும் பெப்டைடின் நடுப்பகுதியை. அங்கே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பிடிப்பு போய்விடலாம்.