டூப்ளிகேட் சரக்கு கேஸ்: எது நிற்கும், எது விழும்?

கடலூர் மஞ்சக்குப்பம், உதிரிபாகக் கடை:
"செஞ்சவனைத்தானே பிடிப்பாங்க, விக்கிற நமக்கென்ன" என்று இன்னமும் கடைவீதியில் பேசுகிறார்கள். தயவுசெய்து அப்படி நம்பாதீர்கள். 1999 டிரேட் மார்க் சட்டத்தில் போலிக் குறி போடுபவருக்குப் பிரிவு 103, விற்பவருக்கு 104. தண்டனை இரண்டுக்கும் ஒன்றுதான்: 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடி தண்டனை பெற்றால் குறைந்தது 1 ஆண்டு, 1 லட்சம். விற்றிருக்கவே வேண்டாம், விற்பதற்கென்று குடோனில் வைத்திருந்தாலும், புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தரையில் விரித்திருந்தாலும் குற்றம்தான்.

புதுச்சேரி, வழக்கறிஞர்:
கேஸ் விழுகிற இடம் பிரிவு 115(4). வாரண்ட் இல்லாமல் சோதனை போட டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி வேண்டும். உள்ளே நுழையும் முன்பே டிரேட் மார்க் பதிவாளரின் கருத்தையும் வாங்கியிருக்க வேண்டும். நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு அது சென்னைப் பதிவகம். கருத்துக் கடிதத்தின் தேதி மகஜர் (சோதனை, பறிமுதல் விவரம் எழுதும் பதிவு) தேதிக்குப் பிந்தியிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். இதனால்தான் கம்பெனிக்காரர்கள் லேபிள் ஓவியத்தைக் காட்டி பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் பிரிவு 63-ஐயும் புகாரில் சேர்க்கிறார்கள். அதற்கு எஸ்.ஐ. வந்தாலே பறிமுதல் செய்யலாம்; ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிரேட் மார்க் சட்டத்தில் பறிமுதலான சரக்கைத் திரும்பக் கேட்க மாஜிஸ்திரேட்டிடம் 15 நாளுக்குள் மனு போட வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர், கணக்காளர்:
கடைக்காரரைக் காப்பது பில்தான். 104-லிருந்து தப்ப, தக்க கவனத்தோடு வாங்கியது, சந்தேகப்படக் காரணம் இல்லாதது, கேட்டதும் யாரிடம் வாங்கினோம் என்ற முழு விவரம் கொடுத்தது போன்றவற்றை அவரே நிரூபிக்க வேண்டும். வேனில் வருபவர் தரும் எஸ்டிமேட் சீட்டில் "ஸ்பேர்ஸ் 40 பீஸ்" என்று மட்டும் இருக்கும். பார்ட் நம்பர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. அதை வைத்து எதை நிரூபிப்பது? பாதி விலைக்கு வாங்கியிருந்தால் "சந்தேகமே வரலையா?" என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. சப்ளையர் புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம் என்றாலும் புகார் நிற்கும், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ன்படி எந்த ஸ்டேஷனிலும் பதியலாம்.

கடலூர் ஓ.டி., மருந்தாளுநர்:
மருந்து என்றால் கதையே வேறு. போலி மருந்துக்கு 1940 மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் பிரிவு 27(சி): 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை, அபராதம் 3 லட்சம் அல்லது பறிமுதலான சரக்கு மதிப்பில் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. மருந்து இன்ஸ்பெக்டர் சோதனைக்கு மாதிரி எடுத்தால், அதைத் தெரிவிக்கும் படிவம் 17-ஐக் கேட்டு வாங்கி வையுங்கள். பகுப்பாய்வு அறிக்கை கைக்கு வந்த 28 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அந்த அறிக்கையே முடிவான சான்று.