‘லாக்’குக்குத் தமிழ்: பூட்டா, மதகா, படகுமடையா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். பள்ளித் துணைப்பாடம் ஒன்று, வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான் தொழிலைக் கால்வாய் வளர்த்த கதை. தென்மேற்கு இங்கிலாந்தின் வெண்களிமண் கடல்வழியாக மெர்சி ஆற்றுக்கு வந்துவிடும். அப்புறம் பள்ளமும் சேறுமான பாதையில் பொதிக்குதிரைதான். செய்த கோப்பைகளும் அதே பாதையில் போய் உடையும். அதனால்தான் அங்கே பீங்கான் செய்துவந்த ஜோசையா வெட்ஜ்வுட் கால்வாய்க்காகப் பாடுபட்டு, 1766இல் முதல் மண்ணைத் தானே வெட்டினார். 93 மைல் ட்ரென்ட்-மெர்சி கால்வாய் 1777இல் முடிந்தது. அவரோ 1769லேயே கால்வாய்க் கரையில் எட்ரூரியா என்ற பீங்கான் ஆலையைத் திறந்துவிட்டார். சரி, கேள்வி இதுதான்: வழியில் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் ‘லாக்’ 70க்கு மேல் வருகிறது. பூட்டு என்றால் பிள்ளைகள் சாவியைத் தேடுவார்கள். மதகு எனலாமா?

பொறியாளர்:
மதகு வேண்டாம் தம்பி. மதகு தண்ணீரைத் திறந்துவிட. இங்கே படகே மேலே ஏறுகிறது. படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். மேல்மட்டத் தண்ணீரை உள்ளே விட, படகு மெல்ல உயரும். இரு மட்டமும் சமமானால்தான் முன்கதவு திறக்கும். நம் பக்கிங்காம் கால்வாயிலும் இருந்ததுதான். கோதாவரிப் பக்கம் ‘லாக்குலு’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். லாக்கு என்றே எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
ஐயா, ‘மடை’ இருக்க லாக்கு எதற்கு? மடுத்தல் என்றால் நிரப்புதல், உண்பித்தல். மடைப்பள்ளியும் அதில் வந்ததே. நகையின் கடைப்பூட்டுக்கும் மடை என்று பெயர். நிரப்புவதும் பூட்டுவதும் ஒரே சொல்லில்! பட்டினப்பாலையில் உப்பு விற்று நெல்லோடு வந்த பஃறி என்னும் படகுகளைக் குதிரைகளைப் போலத் தறியில் கட்டுகிறார்கள். ஸ்டாஃபர்ட்ஷயரில் படகை இழுத்ததே குதிரை. ‘பஃறிமடை’ என்போம்.

பள்ளி ஆசிரியை:
பஃறிக்கே தனியாக உரை சொல்ல வேண்டும் ஐயா. படகுமடை போதும், கேட்டதுமே புரிகிறது. தம்பி, அந்தக் கால்வாய் போகும் ஹேர்காசில் சுரங்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்றரை மைலுக்கு மேல் நீளம், குதிரை நடக்க உள்ளே பாதை இல்லை. படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்கள்.

தமிழாசிரியர்:
அதற்கும் ஒரு சொல் வேண்டுமே! ‘தாளுந்தல்’?

மொழிபெயர்ப்பாளர்:
அதைக் ‘காலால் உந்துதல்’ என்றே விட்டுவிடுகிறேன் ஐயா. படகுமடைக்குத்தான் ஆதரவு கூடுதல், அதையே அனுப்புகிறேன்.

பொறியாளர்:
எனக்கு உடன்பாடில்லை. மடை என்றதும் வயல்தான் நினைவுக்கு வரும். லாக்கு என்று அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.