பொருள்: மறு: நாணயப் படம் – 'அச்சொளி' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கமுங்க.

காசுகளைப் படமெடுப்பது பற்றிய நம் கையேட்டில், லென்ஸ் பார்க்கும் திசையிலேயே காசின் மேல் வெளிச்சம் விழவைக்கும் 'ஆக்சியல் லைட்டிங்' முறைக்குக் கரூர் அண்ணன் சொன்ன 'அச்சொளி' பாடப்புத்தகக் கணக்கில் சரிதான்; அங்கே அச்சு என்றால் நடுக்கோடு (axis). ஆனால் காசு சேர்ப்பவர்களிடம் அச்சு என்றால் காசு அடிக்கும் அச்சுதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, நம் கொங்குக் கல்வெட்டுகளில் 'பழஞ்சலாகை அச்சு' என்று காசுக்கே அந்தப் பெயர் உண்டு. 'அச்சொளியில் எடுத்த அச்சு' என்று கையேட்டில் எழுதினால் படிக்கிறவர் என்னத்தைப் புரிந்துகொள்வார்?

'செங்குத்தொளி'யும் ஒத்துவராது. காசுக்கு நேர் மேலே லைட்டைப் பிடித்தால் கேமராவே மறைத்துவிடும். அதற்காகத்தானே இந்த ஏற்பாடே! படம் மாட்டும் ஃபிரேம் கடையில் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி, காசுக்கும் லென்சுக்கும் நடுவில் 45 பாகை சாய்த்து நிறுத்துகிறோம். பக்கத்திலிருந்து வரும் எல்ஈடி வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்குகிறது; காசில் பட்டு, வந்த வழியே மேலேறி லென்சுக்குள் போகிறது. மிச்சமெல்லாம் கண்ணாடியை ஊடுருவி எதிர்ப்பக்கம் போய்விடும். அங்கே ஒரு கறுப்புத் துணி வேண்டும். லைட் நேராகக் காசில் விழாதபடி நடுவில் ஒரு கறுப்பு அட்டையும் வையுங்கள். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் மெதுவாகத்தான் ஓடும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வைத்து டைமர் போடுங்கள்.

ஆக, நாம் பார்க்கும் திசையிலேயே வெளிச்சம் போகிறது. அதனால் என் முன்மொழிவு 'நோக்கொளி'. பக்கவாட்டில் தாழ்வாக விழுவது 'சாய்வொளி', டிரேசிங் பேப்பர் வழியாக வருவது 'படரொளி'. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி (மறுபடி அச்சு!) அமைகின்றன.

எதற்கு எது என்பதும் கையேட்டில் வரட்டும். பளபளப்பான புதுக் காசுக்கு நோக்கொளி: தட்டையான பரப்பு வெளுப்பாகவும் எழுத்தின் சரிவுகள் கறுப்பாகவும் தெரியும். அமராவதி ஆற்றில் கிடைக்கும் தேய்ந்த சேரர் செப்புக் காசுக்கு அது வீண்வேலை, சாய்வொளிதான் உருவத்தை எழுப்பும். சேர மன்னன் மாக்கோதையின் பெயர் பொறித்த வெள்ளிக் காசில் தலை புடைப்பு, எழுத்து மெலிசு. அதற்கு இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுப்பதே என் கட்சி.

– ஈரோட்டிலிருந்து

—

தம்பி, அச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் 'நோக்கொளி' என்றால் பார்ப்பதற்காகப் போடும் லைட் என்றும் படுகிறதே? 'நோக்குவழி ஒளி' என்றால் நீளம்தான், குழப்பம் இல்லை.

– கரூர்

—

முதல் முறை வரும் இடத்தில் 'நோக்குவழி ஒளி', பிறகு சுருக்கி 'நோக்கொளி'. சரிங்களா அண்ணா? அந்த 45 பாகைக் கண்ணாடிக்கு மட்டும் 'பீம் ஸ்பிளிட்டர்' என்பதை மொழிபெயர்த்து 'ஒளிக்கற்றை பிளப்பி' என்று யாரும் கிளம்பாதீர்கள். ஃபிரேம் கடைக் கண்ணாடிக்கு 'சாய்கண்ணாடி' போதுமுங்க.