லிப்கைட்ஸ்: ஒரே பக்கம் பல கைடுல வேணும், மேப் பண்ணவா, காப்பி எடுக்கவா?

பாளை நூலகி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில ஒரு கலை அறிவியல் கல்லூரி நூலகத்துல இருக்கேன். நூலகங்கள் இணையத்துல வழிகாட்டிப் பக்கங்கள் போடுற லிப்கைட்ஸ் மென்பொருளுக்கு நிர்வாகம் சந்தா கட்டியிருக்காங்க, நான் துறைக்கு ஒரு கைடுன்னு போட்டுட்டு வாரேன். தமிழ், வரலாறு, ஆங்கிலம், விலங்கியல் முடிஞ்சிட்டு. வணிகவியல் பாதியில நிக்கி. இப்ப ரெண்டு பக்கம் பல கைடுல வேண்டியிருக்கு, அதுலதான் கேள்வி.

முதல் பக்கம் "வீட்டிலிருந்து படிக்க". கல்லூரிகளுக்கு மின் இதழும் மின் நூலும் தர்ற என்-லிஸ்ட் திட்டத்தோட ஐடி யார்கிட்ட வாங்கணும், முதல் தடவை எப்படி உள்ள போகணும், பாஸ்வேர்ட் மறந்தா என்ன செய்யணும், லாகினே கேக்காத சோத்கங்காவும் (ஆய்வேடுகள் இருக்க தளம்) தமிழ் மின் நூலகமும் எங்க இருக்கு, இதெல்லாம் அதுல வரும். எங்க பிள்ளைங்க பாதிப்பேர் நாங்குநேரி, களக்காடு, விக்கிரமசிங்கபுரம்னு பஸ்ல வந்து போறவங்க. சாயங்காலம் வகுப்பு முடிஞ்ச உடனே பஸ்ஸைப் பிடிக்க ஓடணும், நூலகத்துல உக்காந்து படிக்க நேரமே கிடையாது. ராத்திரி வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டு போன்லதான் பாக்காங்க. அந்த நேரத்துல பக்கத்துல ஒரு வரி பழசா இருந்தா, கேக்கதுக்கு ஆள் இல்ல. அப்படியே மூடி வச்சிருவாங்க, மறுபடி திறக்க மாட்டாங்க. அதனால எந்தக் கைடுல திறந்தாலும் இந்தப் பக்கம் ஒண்ணுபோல, சரியா இருக்கணும்.

ரெண்டாவது பக்கம் "நெல்லை வட்டாரம்". கால்டுவெல் 1881ல வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம், பேட் எழுதி 1917ல வந்த மாவட்ட கெசட்டியர், ஆதிச்சநல்லூர் அகழாய்வு பத்தின அறிக்கைகள், சோத்கங்காவுல இருக்க மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகள். வரலாறு கைடுக்காகப் பாத்துப் பாத்துச் சேத்தது. இப்ப தமிழ்த் துறையிலயும் கேக்காங்க, ஆங்கிலத் துறையிலயும் கேக்காங்க. ஆனா தமிழுக்கு வில்லுப்பாட்டு, நாட்டார் தெய்வக் கதைகள்னு தனியா ஒரு பகுதி வேணும். ஆங்கிலத்துக்கு மிஷனரி காலத்து நூல்கள் வேணும். வரலாறு மாணவருக்கு இந்த ரெண்டும் அந்த இடத்துல தேவையில்ல.

பேஜ் சேக்கும்போது புதுசா உருவாக்கு, இருக்கதை ரீயூஸ் பண்ணுன்னு ரெண்டு வழி காட்டுது. ரீயூஸ்ல போனா, கைடையும் பக்கத்தையும் தேர்ந்தெடுத்த பிறகு, காப்பி எடுக்கவான்னு ஒரு டிக் பெட்டி வருது. அதுல டிக் போடணுமா வேண்டாமா? இப்ப விலங்கியல் கைடுல மட்டும் முதல் பக்கம் காப்பியா இருக்கு.

சாரல்காரன், தென்காசி:

தங்கச்சி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பதில் கிடையாது. ரெண்டுக்கும் குணம் வேற.

"வீட்டிலிருந்து படிக்க" பக்கத்துக்கு டிக் போடாதீங்க. டிக் போடலன்னா அது மேப். மூலப் பக்கம் ஒண்ணுதான் இருக்கும், மத்த கைடுல எல்லாம் அதுவே தெரியும். மேப் பண்ண இடத்துல கை வைக்க முடியாது, மூலத்துக்குப் போய்த்தான் திருத்தணும். ஆனா அங்க ஒரு தடவை திருத்திட்டா போதும், அணைக்கட்டுல மடை திறந்தா எல்லா வாய்க்காலுக்கும் தண்ணி போற மாதிரி எல்லா கைடுக்கும் போயிரும். டிக் போட்டா அது காப்பி. அந்த நிமிஷத்தோட ரெண்டுக்கும் உறவு முடிஞ்சுது. நீங்க இங்க மாத்துனது அங்க தெரியாது. காப்பி எப்ப எடுக்கணும்னா, அமைப்பை மட்டும் வாங்கிக்கிட்டு உள்ளடக்கத்தை வேறயா எழுதப் போறீங்கன்னா எடுக்கலாம்.

"நெல்லை வட்டாரம்" பக்கத்தை முழுசா மேப்பும் பண்ணாதீங்க, காப்பியும் எடுக்காதீங்க. தமிழ் கைடுல அதே பேர்ல புதுப் பக்கம் ஒண்ணு உருவாக்குங்க. ஒரு பக்கத்துக்குள்ள இருக்க ஒவ்வொரு பகுதியும் ஒரு பாக்ஸ், அதைச் சேக்கும்போதும் இதே ரீயூஸ் வழி இருக்கு. கெசட்டியர் பாக்ஸ், ஆதிச்சநல்லூர் பாக்ஸ், ஆய்வேடு பாக்ஸ் மூணையும் மேப் பண்ணுங்க. வில்லுப்பாட்டு பாக்ஸை அங்கயே புதுசா போடுங்க. ஆங்கிலத்துக்கும் இப்படியே. பொதுவானது பொதுவா இருக்கும், துறைக்குன்னு உள்ளது துறையோட கையில இருக்கும். முழுப் பக்கத்தை மேப் பண்ணிட்டு அதுக்குள்ள ஒரு பாக்ஸ் மட்டும் கூட வைக்கலாமான்னு பலரும் கேக்காங்க, அதுக்கு வழி இல்ல.

இன்னொண்ணு முக்கியம். மூலப் பக்கம் வரலாறு கைடுல இருக்க வேண்டாம். நாளைக்கு வரலாற்றுத் துறைக்கு வேற ஒருத்தர் பொறுப்பா வந்து, இது நமக்கெதுக்குன்னு அழிச்சிட்டார்னா மத்த இடத்துலயும் போயிரும். பொதுவான பக்கம், பாக்ஸ் எல்லாத்துக்கும் ஒரு தாய்க் கைடு தனியா வச்சுக்கோங்க. அதுல இருந்து மட்டும் எல்லாரும் எடுக்கட்டும். அதை மாணவர் பட்டியல்ல காட்டத் தேவையில்ல.

மேலப்பாளையம் வாசகர்:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் ஒரு அரசுக் கல்லூரியில இருக்கேன். 2025 ஜனவரியில, அரசு நிறுவனங்களுக்கு ஆய்வு இதழ்களைப் பொதுவா வாங்கித் தர்ற ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தொடங்குன நேரம். எந்த இதழுக்கு எந்த வழியா போகணும்ங்கிற விவரமெல்லாம் மாறுது. எங்க கைடுகள்ல உதவிப் பக்கம் எல்லாமே காப்பியா இருந்தது. எனக்கு முன்னால இருந்தவங்க எடுத்து வச்சது. ஒவ்வொரு கைடா திறந்து, அதே பத்தியைத் தேடித் தேடி மாத்தினேன். நடுவுல ஒரு வாரம் இயற்பியல் பையனுக்கு ஒரு விவரம், வேதியியல் பிள்ளைக்கு வேற விவரம். ரெண்டுபேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து, யார் சொல்லுதது சரின்னு பேசிக்கிட்டாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தம். நூலகம் ஒரே குரல்ல பேச வேண்டாமா?

லிங்க் விஷயமும் சேத்துப் பாத்துக்கிடுங்க. நூலகத்தோட தரவுத்தளங்களை எல்லாம் லிப்கைட்ஸ்ல ஒரே இடத்துல வைக்கிற ஏ-இசட் டேட்டாபேஸ் பட்டியல்ல இருந்து எடுத்து வச்ச லிங்க்னா, பட்டியல்ல முகவரியை மாத்துனா எல்லா பாக்ஸ்லயும் மாறிரும், பக்கத்தையே காப்பி எடுத்திருந்தாலும் சரி. ஆனா பத்திக்குள்ள எழுத்தோட எழுத்தா கையால ஒட்டுன லிங்க் மாறாது. அதனால என்-லிஸ்ட், சோத்கங்கா ரெண்டையும் ஏ-இசட் பட்டியல்ல ஏத்திட்டு அங்க இருந்தே எடுங்க.

வள்ளியூர் தமிழ்:

குறுக்க வந்து கேக்கேன், மன்னிச்சுக்கிடுங்க. எங்க கல்லூரிக்கு லிப்கைட்ஸ் வாங்க வசதி இல்ல, கூகுள் சைட்ஸ்லதான் பண்ணுதோம். அதுல பக்கத்தை நகல் எடுக்க மட்டும்தான் முடியுது. மேப் மாதிரி எதும் உண்டா?

சாரல்காரன், தென்காசி:

தம்பி, பக்கத்துக்கு இல்ல. ஆனா மாறிக்கிட்டே இருக்க விவரத்தை ஒரு கூகுள் டாக்ல எழுதுங்க. அந்த டாக்கை ஒவ்வொரு பக்கத்துலயும் டிரைவ் வழியா உள்ள பதிச்சிருங்க. டாக்ல திருத்துனா பதிச்ச எல்லா இடத்துலயும் மாறும். பகிர்வு உரிமையில லிங்க் உள்ள யாரும் பாக்கலாம்னு வைங்க, இல்லன்னா பிள்ளைங்களுக்கு வெறும் பெட்டிதான் தெரியும். திருத்துற உரிமையை மட்டும் உங்க கையில வச்சுக்கோங்க.

பாளை நூலகி:

அண்ணாச்சி, பாக்ஸ் யோசனை அருமை. இன்னைக்கே தாய்க் கைடு ஒண்ணு தொடங்கி, ஆதிச்சநல்லூர் பாக்ஸை முதல்ல அங்க புதுசா எழுதினேன். மேலயே ஒரு குறிப்பு போட்டிருக்கேன்: 1986ல மாவட்டம் பிரிஞ்ச பிறகு ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கு, பழைய கெசட்டியர்ல திருநெல்வேலி மாவட்டம்னே தேடணும். 2019ல தென்காசியும் தனியா போயிட்டதால, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைங்களுக்காக அதையும் எழுதணும். இப்படி ஒரு குறிப்பை மூணு கைடுல மூணு விதமா எழுதாம, ஒரே இடத்துல நிதானமா எழுத முடியுதேன்னு சந்தோஷமா இருக்கு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. விலங்கியல் கைடுல இருக்க காப்பிப் பக்கத்தோட முகவரியை கியூஆர் கோடா அச்சடிச்சு ஆய்வகக் கதவுல ஒட்டியிருக்கோம். அந்தக் காப்பியை அழிச்சிட்டு மேப் பண்ணா, கோடு வேலை செய்யுமா?

சாரல்காரன், தென்காசி:

செய்யாது, அந்த முகவரி செத்துரும். அழிக்க அவசரப்படாதீங்க. தாய்க் கைடு பக்கத்தை முதல்ல மேப் பண்ணுங்க. பழைய காப்பியோட பேஜ் அமைப்புல ரீடைரக்ட் முகவரின்னு ஒரு இடம் இருக்கும், அதுல புதுப் பக்கத்தோட முகவரியைக் குடுங்க. பழைய கோடை ஸ்கேன் பண்ற பிள்ளை நேரா புதுப் பக்கத்துல போய் நிக்கும். கதவுல புதுக் கோடு ஒட்டுன பிறகு பழைய பக்கத்தை எடுத்துருங்க.

பாளை நூலகி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. மேலப்பாளையம் சாருக்கும் நன்றி. திங்கக்கிழமை விலங்கியலை முடிச்சிட்டு, வணிகவியல் கைடை ஆரம்பத்துல இருந்தே மேப் வச்சுப் போடுதேன். தாய்க் கைடுக்கு என்கூட வேலை பாக்குற இன்னொருத்தருக்கும் திருத்துற உரிமை குடுக்கச் சொல்லியிருக்கேன். நான் லீவுல இருந்தாலும் பாஸ்வேர்ட் விவரம் மாறுனா அன்னைக்கே மாத்தணும்லா.